வெள்ளைக்காரன் பக்கத்து நாற்காலி

அத்தியாயம் 5

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே மதிவதனி அந்தப் போட்டோவைக் கைப்பையிலிருந்து மறுபடி எடுத்தாள்.

ஒரு டீக்கடையின் உள்பக்கம். மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் வெள்ளைக்காரன், முகம் பளிச்சென்று தெரிகிறது. எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். தோளில் நீலக்கட்டம் போட்ட சங்கத் துண்டு. மேஜைமேல் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் காபி. வெள்ளைக்காரன் தடித்த கவர் ஒன்றை நீட்டுகிறான், துண்டுக்காரன் வாங்குகிறான். கீழே கொட்டை எழுத்தில், 'அந்நியக் கைக்கூலி மாரப்பனைப் பாரீர்!'

துடியலூரிலிருந்து அவிநாசி வரைக்கும் ஒரு சுவர் பாக்கியில்லாமல் இதை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"அக்கா, காலைல இருந்து பதினோரு தடவ பாத்துட்டீங்க" என்றான் ஜெரோம், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொரு தடவ பாத்தா அந்த ஆளே வெக்கப்பட்டுத் திரும்பிருவானுங்க."

"திரும்பினாத் தேவலை. நமக்கு வேலை மிச்சம்."

ஜெரோம் முன்னாள் பஸ் கண்டக்டர். வேலை போனபோது விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், வாயைக் கொடுக்கவில்லை. மதிவதனி முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு எம்.எல்.ஏ.வின் மச்சானை லாக்கப்பில் உட்கார வைத்ததற்காக ராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்தார்கள். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, காந்திபுரத்தில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். இரண்டு பேருக்கும் வேலை போன கதை ஒன்றுதான், அதனால் ஒத்துப்போயிற்று.

கேஸைக் கொடுத்தவர் தம்பிதுரை. தாய்மண் பாதுகாப்புப் பேரவையின் தலைவர், எழுபது வயசு, கதர்ச்சட்டை. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிற டங்கல் திட்டத்துக்குக் கொடும்பாவி கட்டி, அவிநாசி முச்சந்தியில் கொளுத்திக் கைதாகி வந்தவர். நேற்று சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து, "பொய்யின்னா விசாரணையில அந்தப் போட்டோவை நான் தொடமாட்டனுங்க அம்மணி. நெசம்னா விடமாட்டேன். நாளைக்கு மூணு மணிக்கு ஆர்.டி.ஓ. விசாரணை. அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லிப்போடுங்க" என்றார். ஆள் நேர்மையானவர் என்றுதான் மதிவதனிக்குப் பட்டது.

விவகாரம் இதுதான். கருக்கம்பாளையத்தில், காலனிக் கிணற்றை ஒட்டிப் பூச்சிமருந்து ஃபேக்டரி வரப்போகிறது. கிணறு விஷமாகும் என்று மாரப்பனின் விவசாயக் கூலிகள் சங்கம் ஆட்சேபணை மனு கொடுத்தது. உடனே இந்த நோட்டீஸ். சங்கத்தை ஆட்டிவைப்பது வெளிநாட்டுக்காரன் என்று பேரவை மேடைக்கு மேடை முழங்கியது. மாரப்பன் உள்ளே போய் ஒன்பது நாள். போட்டோ உண்மை என்று மூன்று மணிக்கு முடிவாகிவிட்டால் மனு குப்பைக்கூடைக்கு, மாரப்பன் மேல் தேசத்துரோகக் கேஸ்.

காலனியில் மாரப்பன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வந்தவர்களைப் பார்த்து அல்ல, கதவைத் திறந்த மாரப்பன் மனைவி பழனியாத்தாளைப் பார்த்து.

"பாத்தீங்களா?" என்றாள் பழனியாத்தாள். நாற்பது வயசு இருக்கும். அழுது முடித்து, அடுத்த கட்டத்துக்குப் போயிருந்த முகம். "போலீஸ் புடிச்சுட்டுப் போனது எனக்குப் பெருசில்லீங்க. என்ற ஊட்டுக்காரரு ஏழு தடவ உள்ள போனவரு. இந்த வளவுல ஒருத்தரும் என்ற மூஞ்சியப் பாக்கறதில்லீங்க. கெணத்தை வித்துப்போட்டான்னு பேசிக்கறாங்க. அதான் தாங்கல."

"சங்கத்துக்காரங்களுமா?"

"அவங்கதான் மொதல்ல. போட்டோவே இருக்குதே, அப்பறம் என்னன்னு கேக்கறாங்க. முதுகு ஒண்ணு வெச்சு ஒரு மனுசனை முடிச்சுப்போட்டாங்க அம்மணி."

"அந்த டீக்கடைக்கு அவரு போவாருங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போகமாட்டாரு. இங்க கெடக்கற பாலில்லாத வரக்காப்பி போதும்னுவாரு." அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. வெளியூர்க்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ.

கடை பக்கத்தில்தான், மெயின் ரோட்டிலிருந்து ஊர் பிரிகிற இடம். முதலாளி சீனிவாசலு. இவன்தான் கண்ணால் கண்ட சாட்சி. பாய்லருக்குப் பின்னால் வயிற்றை முட்டுக்கொடுத்து நின்றவன், மதிவதனியின் கைப்பையையும் ஜெரோமின் இஸ்திரிச் சட்டையையும் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானான்.

"வாங்க அம்மணி, வாங்க சார். உள்ள உக்காருங்க. கோயமுத்தூருங்களா?"

உள்ளே நாலைந்து தோட்டத்துக்காரர்கள் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவிலிருந்த அதே மேஜை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது.

"பேரவைத் தலைவர் அனுப்பிச்சு வாரோம்" என்றாள் மதிவதனி. "நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

சீனிவாசலு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேற்படி மாரப்பனும் மேற்படி வெளிநாட்டவரும் எனது கடையில் மேற்படி நாற்காலிகளில் அமர்ந்து, அடிக்கடி காபி அருந்தி, இரகசியமாக..." என்று ஆரம்பித்தான்.

"ஏனுங்க, நீங்க டீ ஆத்துவீங்களா, பத்திரம் எழுதுவீங்களா?" என்றான் ஜெரோம். "ஒரு வாய்ல மூணு மேற்படி போட்டீங்க. எங்க பஸ்ல கூட இத்தனை படி இல்லீங்க."

யாரோ எழுதி ஊட்டிவிட்டதை அப்படியே துப்புகிறான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. மதிவதனி என்ன கேட்டாலும் சீனிவாசலு அந்தப் பாடத்தையே திருப்பிச் சொன்னான். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது.

அப்போது வெளியே ஓர் ஆள் வந்து நின்றார். கையில் களைக்கொத்து, காலில் சேறு. கடைக்குள் வரவில்லை. வெளிச்சுவரில் ஆணியில் வரிசையாகத் தொங்கிய அலுமினியக் குவளைகளில் ஒன்றை எடுத்து, தொட்டித் தண்ணீரில் கழுவி, நீட்டிப் பிடித்தார். சீனிவாசலு பேச்சை நிறுத்தாமலே கையை உயர்த்தி, குவளையில் படாமல் டீயை ஊற்றினான். அந்த ஆள் குத்த வைத்துக் குடித்தார். எழுந்து கழுவினார். ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். உள்ளே ஒருவரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தினமும் நடப்பதை எவன் பார்ப்பான்?

ஜெரோம் தன் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

மதிவதனி போட்டோவைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்த முதுகைப் பார்க்கவில்லை, கவரைப் பார்க்கவில்லை. அந்த ஆள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பார்த்தாள். இத்தனை நேரம் இதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துத் தொலைத்திருக்கிறாள்.

"அப்ப மாரப்பன் இந்த நாற்காலிலதான் உக்காந்தாருங்க?" என்று கேட்டாள். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஆமாங்க அம்மணி. மேற்படி..."

"அடிக்கடி?"

"அடிக்கடிங்க."

"காபி இதே டம்ளர்லதானுங்களே? உள்ள இருக்கறவங்க குடிக்கற இதே டம்ளர்ல?"

பேப்பர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தோட்டத்துக்காரர் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"ஏனப்பா சீனிவாசலு. காலனிக்காரனை எங்க டம்ளர்லயா குடிக்க உட்டே?"

"ஐயோ, இல்லீங்க!" சீனிவாசலு பாய்லரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். "சத்தியமா இல்லீங்க! இருபது வருசமா கடை நடத்தறேன், ஒருநாள் உட்டிருப்பனுங்களா? அவன் நாற்காலில உக்காரவே இல்லீங்க. கடைக்கே வந்ததில்லீங்க!"

கடையில் பெருமூச்சுகள் கேட்டன. வெற்றிலைக்காரர் நிம்மதியாக டம்ளரை எடுத்தார்.

பொய்ச்சாட்சி சொல்ல இவனுக்குக் கூச்சமில்லை. ஒருவனை ஜெயிலில் போட, அவன் பெண்டாட்டியைத் தெருவே காறித் துப்ப வைக்க, ஒரு கிணற்றை விஷமாக்கத் துணை போகக் கூச்சமில்லை. மாரப்பனை நாற்காலியில் உட்கார வைத்தான் என்கிற பழி மட்டும் தாங்கவில்லை. அட பாவி மனுஷா!

"உங்களுக்கு ரெண்டு வழி இருக்குதுங்க" என்றாள் மிக மரியாதையாக. "நீங்க ஆர்.டி.ஓ.வுக்குக் குடுத்த வாக்குமூலம் அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலைல காலனி மொத்தமும் அதோட நகலை எடுத்துட்டு வந்து இங்க உக்காந்து காபி கேக்கும். மாரப்பனுக்குக் குடுத்தீங்கள்ல, எங்களுக்கும் குடுங்கன்னு. இல்லீனா, இப்பச் சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சீனிவாசலு பேப்பரைப் பிடுங்காத குறையாக வாங்கினான். 'மாரப்பன் என் கடை நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. காலனியார் யாரையும் நான் உள்ளே விட்டதில்லை. முன்பு சொன்னது பொய்.' ராகம் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டார்கள், பெருமையாக.

"அப்ப அந்த முதுகு யாருது?"

"அதைக் கேக்காதீங்க அம்மணி. நான் கடை நடத்தோணும்." குரலைத் தாழ்த்தினான். "நாற்காலில உக்கார்ற குடும்பமுங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"வெள்ளைக்காரன்?"

"புது ஃபேக்டரி என்ஜினீயருங்களாம். நாலஞ்சு தடவ வந்திருக்காருங்க. கம்பெனியே அவங்க நாட்டுதுதானாமுங்க."

வண்டியை எடுக்கும்போது ஜெரோம் சொன்னான்: "அக்கா, அந்த ஆளு காலனிக்கு டம்ளர்ல காபி குடுக்காமத் தப்பிக்கறதுக்கு, தீண்டாமைக் கேஸுக்குச் சொந்தக் கையால எழுதிக் குடுத்துட்டானுங்க. சாட்சிக் கையெழுத்தோட! இந்த மாதிரி ஒரு டிக்கெட்டை நான் சர்வீஸ்லயே கிழிச்சதில்லீங்க."

மதிவதனி சிரிக்கவில்லை. ஃபேக்டரி சுத்த சுதேசி, பம்பாய்க்காரர்களுடையது என்று தம்பிதுரை நேற்றுச் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் படத்தில் அந்நியன் இருக்கிறான், வாஸ்தவம். ஆனால் அவன் யார் பக்கத்து ஆள்?

தம்பிதுரையின் வீட்டு ஹாலில் மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். பெரியவர் சீனிவாசலுவின் பேப்பரை இரண்டு தடவை படித்தார். மதிவதனி ஃபேக்டரி விஷயத்தையும் சொன்னாள்.

"பம்பாய்க் கம்பெனின்னுதானே தீபக் சொன்னான்" என்றார். பேரவை வேலையெல்லாம் மகன் தீபக் தலையில்தான். நோட்டீஸ் அடித்தது, சுவரில் ஒட்டியது, போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தது எல்லாம் அவன்தான்.

பேசிக்கொண்டே போட்டோவைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் துண்டைப் பார்த்து மாரப்பன் என்று முடிவு கட்டியிருந்தார். துண்டை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். பெற்றவனுக்கு முதுகு போதும்.

"தீபக்!"

மாடியிலிருந்து இறங்கி வந்தவனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். போட்டோவையும் மதிவதனியையும் பார்த்ததும் புரிந்துகொண்டான். மறுக்கக்கூட இல்லை.

"ஊருக்கு நல்லதுன்னுதானுங்கப்பா செஞ்சேன். மூணு ஜில்லாவுக்கு ஏஜென்சி நமக்குத் தர்றாங்க. இவனுக கொடி புடிச்சா கம்பெனி ஆந்திரா பக்கம் போயிரும். போலீஸை வெச்சு அடிச்சா பேப்பர்ல வரும். உங்க பேரவைய வெச்சு அடிச்சா மக்களே அடிப்பாங்கன்னு அவருதான் ஐடியா குடுத்தாரு."

"யாரு?"

"அந்த என்ஜினீயருங்க. அவங்க மத்த நாட்டுலயும் இப்படித்தான் பண்ணுவாங்களாம். எதுக்கறவனையே அந்நிய ஏஜெண்ட்டுன்னு சொல்லிட்டாப் போதும்னாரு."

மதிவதனி தன் காதையே நம்பவில்லை. டங்கல் கொடும்பாவி எரிந்த முச்சந்தியிலேயே அந்நியன் நடந்து வந்து, இந்த ஊர் தேசபக்தியை வாடகைக்கு எடுத்திருக்கிறான்! கோஷம் இவர்களுடையது, தொண்டை இவர்களுடையது, திட்டம் அவனுடையது. மேடையில் ரத்தம் கொதித்த அத்தனை பேரும் அவனுக்குக் கூலியில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள்.

படம் எடுக்கும்போது தீபக்குக்கு ஏன் அந்த நாற்காலி உறுத்தவில்லை என்பதும் புரிந்தது. பிறந்ததிலிருந்து நாற்காலியில் உட்காருகிறவனுக்கு நாற்காலி கண்ணில் படாது.

பளீரென்று ஓர் அறை விழுந்தது. தீபக் சுவரில் போய் முட்டிக்கொண்டான். கிழவர் ஓங்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் மதிவதனிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"நாயே! அவனுக துண்டை உன்ற தோள்ல போட்டியாடா?"

"இல்லீங்கப்பா!" தீபக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். "அவனுக துண்டு இல்லீங்க! கடையில புதுசு வாங்குனதுங்க, சத்தியமா!"

"புதுசா?"

"புதுசுங்கப்பா."

தம்பிதுரை நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நீண்ட மூச்சு வந்தது. ஜெரோம் மதிவதனியைப் பார்த்தான். கும்பிடத் தோன்றிய கையை மடக்கி வைத்துக்கொண்டாள்.

"உங்க வேலை முடிஞ்சுதுங்க அம்மணி" என்றார் பெரியவர், பழைய மரியாதை திரும்பியவராக. "அந்தப் பேப்பரை இங்க வெச்சுட்டுப் போங்க. பையன் தப்புப் பண்ணிப்போட்டான். நான் பாத்துக்கறேன்."

"மாரப்பன்?"

"அவனைப் பொறுமையா வெளிய எடுத்துக்கலாமுங்க. ஃபேக்டரி விசயம் அடங்கட்டும்."

"பொய்யின்னா தொடமாட்டேன்னீங்க. பேப்பர் ஆர்.டி.ஓ. பேருக்கு எழுதுனதுங்க. அவருகிட்டத்தான் போகும்."

தம்பிதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். நேற்று கேட்காமல் விட்ட கேள்வியை இன்றைக்குக் கேட்டார், அதே மரியாதையோடு. "நீங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க அம்மணி?"

"எங்க ஊட்டு டம்ளரு அந்தக் கடைக்கு வெளிய ஆணியில தொங்குதுங்க ஐயா" என்றாள் மதிவதனி, பேப்பரை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே. "மோரு நல்லா இருந்துச்சுங்க. சொம்பைக் கழுவிக்குங்க."

மூன்று மணிக்குத் தாலுகா ஆபீஸ் ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பேரவைக்காரர்கள், நடுவில் தம்பிதுரை. எப்படியும் வந்துதானே ஆக வேண்டும்? கடைசியில், சுவரோரம், காலனி ஜனம். அவர்களுக்கும் தள்ளி, தனியாகப் பழனியாத்தாள். வாசலிலேயே அவளைப் பிடித்து நடந்தது மொத்தத்தையும் மதிவதனி சொல்லியிருந்தாள்.

ஆர்.டி.ஓ. சீனிவாசலுவின் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். ஹாலில் சலசலப்பு. காலனி ஜனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"நாற்காலியிலிருந்தவர் தீபக். வெள்ளைக்காரர் ஃபேக்டரி என்ஜினீயர்" என்றாள் மதிவதனி. "தீபக்கே என்னிடம் சொன்னார்."

"நீங்க கேள்விப்பட்டதை நான் பதிவு பண்ண முடியாதும்மா." ஆர்.டி.ஓ. முன்வரிசையைப் பார்க்காமல் பேசினார். "போட்டோ ஆதாரம் நிராகரிக்கப்படுது. மாரப்பன் மேல உள்ள புகார் நிலைக்காது. இத்தோட விசாரணை முடிஞ்சுது, எல்லாரும் அமைதியாக் கலைஞ்சு போங்க."

ஜெயித்தாயிற்று என்று ஜெரோம் கையைத் தட்டப் போனான். பழனியாத்தாள் நடந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"என்ற ஊட்டுக்காரரு வெள்ளைக்காரன்கிட்ட கவர் வாங்கலைன்னு எழுதிப்போட்டீங்க. நல்லதுங்க. அப்ப வாங்குனது யாருன்னு எழுதலீங்களே?"

"அதுக்கு ஆதாரம் வேணும்மா."

"சாமி, ஒன்பது நாளைக்கு முந்தி ஒரு முதுகை வெச்சு எங்களுக்கு எழுதுனீங்க. இப்ப மட்டும் ஆதாரம் கேக்கறீங்க." குரல் உயரவில்லை. "அந்தா உக்காந்திருக்காரே பெரியவரு, அவருக்குத் தெரியுங்க. கேளுங்க. சொன்னா நான் போயிர்றேன்."

"வழியை விடும்மா" என்று பியூன் வந்தான். அவள் நகரவில்லை. பின்னால் சுவரோரம் முதலில் ஒருவர் எழுந்தார், சங்கத்துக்காரர். பிறகு இன்னொருவர். பிறகு மொத்தமும். மெதுவாக வந்து அவள் பின்னால் நின்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் மூஞ்சி திருப்பினவர்களை அத்தனை சீக்கிரம் பார்ப்பாளா என்ன?

ஆர்.டி.ஓ.வுக்கு வேறு வழியில்லை. "ஐயா, இந்தப் போட்டோவுல இருக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

தம்பிதுரை எழுந்தார். நாற்பது வருஷம் மேடையில் பேசிய மனுஷர். மேல்துண்டைச் சரி செய்தார், உதடு அசைந்தது. பேரவைக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

ஆர்.டி.ஓ. பேனாவை மூடப் போனார்.

"மூடாதீங்க" என்றாள் பழனியாத்தாள். "கேட்டோம், அவரு வாயத் தொறக்கலைன்னு எழுதுங்க. அதை நீங்களே கண்ணால பாத்தீங்க. அதுக்கு ஆதாரம் வேண்டாமுங்களே?"

ஆர்.டி.ஓ. அவளையும், அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்தார். பேப்பரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு எழுதினார். எழுதி முடிக்கிறவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, "படிச்சுக் காட்டுங்க" என்றாள்.